சுவாமி ஞானப்பிரகாசர்: தேர்ந்துகொண்ட விசுவாசம்

யாழ்ப்பாண நகருக்குத் தென்கிழக்கே, கடனீரேரியின் கரையில் அமைந்த பழைய ஊர் கொழும்புத்துறை. ஒரு காலத்தில் பூநகரிக்குப் படகேறுவோர் இத்துறையில்தான் வந்து காத்திருப்பர். இன்று வெளியூரார் இவ்வூரை அறிவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். ஒன்று, புனித பிரான்சிஸ் சவேரியார் பெயரால் இங்கு இயங்கும் கத்தோலிக்க உயர் குருமடம். மற்றது, யோகர் சுவாமிகள் 1964ஆம் ஆண்டில் மறையும் வரை தங்கியிருந்த குடில்.

குருமடத்துக்கு வரும் இளைஞர்கள் தத்துவமும் இறையியலும் பல ஆண்டுகள் கற்கின்றனர். அந்த ஆண்டுகளில் எந்த நாளிலும் அவர்கள் வீடு திரும்பலாம். சிலர் திரும்புவதும் உண்டு. எஞ்சியோர் குருப்பட்டம் பெறுமுன் ஒரு கடமையை நிறைவேற்றியாக வேண்டும். எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றித் தம் சொந்த விருப்பத்தின் பேரிலேயே இப்பணியை ஏற்பதாகத் தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். திருச்சபைச் சட்டத்தின் 1036ஆம் பிரிவு இதனை விதித்துள்ளது. தாயின் நேர்த்திக்காகவோ, ஊராரின் மதிப்புக்காகவோ, வறுமைக்கு அஞ்சியோ வந்தவனாயின் அந்தத் தாளின் முன் அவன் சற்றுத் தயங்கியே ஆக வேண்டும்.

ஆனால் சமய விடயத்தில் சொந்த விருப்பம் என்பது யாழ்ப்பாண மண்ணில் எளிதாகக் கிடைத்த பொருளன்று. 1544இல் மன்னாரில் புதிதாய்த் திருமுழுக்குப் பெற்ற மக்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி வாளுக்கு இரையாக்கினான். கொல்லப்பட்டோர் அறுநூற்றுவர் எனக் கத்தோலிக்க மரபு கூறும். பின்னர் 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கோயில்களை இடித்தனர். ஆட்சியாளரின் மதமே குடிகளின் மதம் என்றாயிற்று. 1626இல் அவர்கள் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற, கண்டி மன்னன் செனரத் அவர்களைக் கிழக்குக் கரையில் குடியேற்றினான். 1658இல் வந்த ஒல்லாந்தரோ கத்தோலிக்கக் குருமாரையே தடைசெய்தனர். திருமணத்தைப் பதியவும், முதுசத்தைப் பெறவும், உத்தியோகம் பார்க்கவும் சீர்திருத்தத் திருச்சபையின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டுமென்றனர். சைவரும் கத்தோலிக்கரும் அவ்வாறே பெயரைப் பதிந்துவிட்டு வீட்டுக்குள் தத்தம் வழிபாட்டைத் தொடர்ந்தனர். 1687இல் பிச்சைக்காரன் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த கோவைக் குருவானவர் யோசேவ் வாஸ், இவ்வாறு ஒளிந்து வாழ்ந்த கத்தோலிக்கரையே தேடித் திரிந்தார். அவர் 2015இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆங்கிலேயர் 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கியபோது, ஒல்லாந்தரின் பதிவேட்டிலிருந்த ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் மாயமாய் மறைந்து போயினர். அவர்கள் எங்கும் போகவில்லை. தாம் என்றும் இருந்த இடத்துக்கே வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த வரலாற்றையெல்லாம் பழைய ஏடுகளிலிருந்து தேடி எடுத்து எழுதியவர்களுள் முதன்மையானவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். அவருடைய வாழ்க்கையே இவ்வரலாற்றுக்கு ஒரு மறுமொழிபோல் அமைந்திருப்பதால் அதனை இங்கு நினைவுகூர வேண்டியுள்ளது.

அவர் பிறந்தது 1875ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் திகதி, மானிப்பாயில். சைவக் குடும்பம். பெற்றோர் இட்ட பெயர் வைத்திலிங்கம். தந்தை இராசசிங்கம் சுவாமிநாதபிள்ளை, தாய் தங்கமுத்து. யாழ்ப்பாணத்தை ஆண்ட பரராசசேகரன் வழிவந்தோர் தாம் என்பது அக்குடும்பத்தின் மரபு. மன்னார்க் கிறிஸ்தவர்களைக் கொல்வித்த சங்கிலியும் அதே அரச குலத்தவன் என்பதை வாசகர் மனத்திற் கொள்க.

சிறுவனுக்கு நினைவு தெளியுமுன்னரே தந்தை இறந்தார். தாய், அச்சுவேலியைச் சேர்ந்த கத்தோலிக்கரான தம்பிமுத்துப்பிள்ளையை மறுமணம் செய்தார். சிறுவன் திருமுழுக்குப் பெற்று ஞானப்பிரகாசம் ஆனான். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெரும் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்து, உரிமைச் சொத்தை உதறித் துறவியாகி, கொள்ளை நோயாளருக்குப் பணிசெய்து இருபத்து மூன்று வயதில் மாண்ட புனித அலோசியஸ் கொன்சாகாவைத் தமிழ்க் கத்தோலிக்கர் ஞானப்பிரகாசியார் என்றே அழைப்பர்.

அப்பெயரே யாழ்ப்பாணத்தில் இன்னொருவரையும் நினைவூட்டும். போர்த்துக்கேயர் காலத்தில் திருநெல்வேலியில் வாழ்ந்த சைவர் ஒருவர், அதிகாரியின் உணவுக்காகப் பசுவைக் கொடுக்க மனமின்றி இரவோடிரவாகக் கடல் கடந்து சிதம்பரம் சென்று துறவியானார் என்பது வழிவழி வரும் செய்தி. ஞானப்பிரகாச முனிவர் என்று சைவ உலகம் போற்றும் அவர் பெயரால் சிதம்பரத்தில் ஒரு குளமும் உண்டு. ஒரே பெயரைத் தாங்கிய இருவர், இரு திசைகளில் நடந்திருக்கின்றனர்.

சிறுவனாய் இருந்தபோது பெற்ற திருமுழுக்கை அவருடைய சொந்தத் தெரிவு என்று கூற இயலாது. தாய் தேர்ந்தார், மகன் பின்சென்றான். வளர்ப்புத் தந்தையார் தம்பிமுத்துப்பிள்ளை தமிழறிந்தவர், நூலாசிரியர், அச்சுவேலியில் ஞானப்பிரகாச யந்திரசாலை என்னும் அச்சகத்தை நடத்தியவர். ஏடும் எழுத்தும் நிறைந்த அவ்வீட்டில் பிள்ளை கல்வியில் சிறந்தான். ஆங்கிலம் கற்று, அரசாங்கத் தேர்வில் தேறி, புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞனாய் அமர்ந்தான்.

அக்காலத்தில் இதன் பெருமதி என்னவென்பதை இன்றைய தலைமுறை உணர்வது கடினம். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று நம்பிய சமூகம் அது. அரசாங்க உத்தியோகத்தன் என்றால் சீதனம் வேறு, மரியாதை வேறு, முதுமையில் ஓய்வூதியம் வேறு. அத்தகைய உத்தியோகத்தை 1895இல், தமது இருபதாவது வயதில் அவர் விட்டு விலகினார். புகையிரதப் பாதை யாழ்ப்பாணத்தைக் கொழும்புடன் இணைத்தது 1905இல்தான். தம் ஊருக்குப் புகையிரதம் வருமுன்னரே அதன் சேவையை விட்டவர் அவர்!

யாழ்ப்பாணத்துப் புனித மார்ட்டீனார் குருமடத்தில் அவர் சேர்ந்தார். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபையில் உறுப்பினரானார். வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வாக்குறுதிகளையும் ஏற்று, 1901 டிசம்பரில் குருப்பட்டம் பெற்றார். தாய் வழியாக வந்த விசுவாசத்தை இம்முறை அவரே தேர்ந்துகொண்டார். முதல் முறை திருமுழுக்குத் தொட்டியருகே அவரிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்கப்பட்டது. மறுத்திருக்கவும் முடியும், மறுத்திருந்தால் இழப்பதற்கு எதுவுமில்லை, பெறுவதற்கோ நிரம்ப இருந்தது. முஸ்லிம் வாசகர்கள் நிய்யத் என்னும் சொல்லைக் கொண்டு இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். வணக்கம் வழக்கத்தினின்றும் வேறுபடுவது எண்ணத்தினாலன்றோ.

குருவானவர் சில காலம் ஊர்காவற்றுறையில் பணியாற்றினார். பின்னர் நல்லூருக்கு வந்தார். அவர் பெயரோடு நிலைத்துவிட்ட ஊர் அதுவே. நல்லூரோ சைவத்தின் நெஞ்சம். கந்தசுவாமி கோயில் அங்கே. ஆறுமுக நாவலர் பிறந்ததும் அங்கே. நாவலர், வெசுலியன் மிசன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாரின் கீழ் ஆசிரியராயிருந்து, விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் அவருக்குத் துணைநின்று, அந்நூலை நன்கு கற்றறிந்த பின்னரே சைவத்தைத் தம் வழியாக உறுதிசெய்துகொண்டு 1848இல் அப்பணியை விட்டவர். நல்லூர்க் கோயிலின் அயலில் ஒரு முஸ்லிம் பெரியாரின் அடக்கத்தலம் இருந்தது என்பதும் ஊர் மரபு. இத்தகைய இடத்தில் சைவராய்ப் பிறந்த ஒருவர் நீண்ட அங்கியும் தாடியுமாய்க் கத்தோலிக்கக் குருவாக வந்து குடியிருந்தார் என்பது சிறு செய்தியன்று.

வியப்பு இத்தோடு முடியவில்லை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், 1905 அளவில், அதே நல்லூரின் தேரடியில் செல்லப்பா சுவாமிகள் என்னும் சித்தரின் காலடியில் ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். மாவிட்டபுரத்தில் 1872இல் பிறந்த அவரும் இளமையிலேயே தாயை இழந்தவர். கொழும்புத்துறையில் உறவினர் வீட்டில் வளர்ந்தவர். உறவினருள் கத்தோலிக்கரும் இருந்தனர். அவர்களின் ஆதரவில் சம்பத்திரிசியார் கல்லூரியில் படித்தவர். அவருக்கு யோவான் என்ற கிறிஸ்தவப் பெயரும் வழங்கியதாகச் சொல்வர். கிளிநொச்சி இரணைமடு நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராய் உத்தியோகம் பார்த்து, அதனைத் துறந்து, குருவைத் தேடி நல்லூருக்கு வந்தவர். அவரே யோகர் சுவாமிகள். சைவ வீட்டில் பிறந்தவர் கத்தோலிக்கக் குருவானார். கத்தோலிக்க ஆதரவில் வளர்ந்தவர் சைவ ஞானியானார். இருவரும் அரசாங்கச் சம்பளத்தை விட்டவர்கள். இருவரும் தமிழை வளர்த்தவர்கள். கூப்பிடு தூரத்தில் இருவர் பாதைகளும் குறுக்கிட்டன. இருவரையும் எவரும் விலைகொடுத்து வாங்கவில்லை. வாளைக் காட்டி அச்சுறுத்தவுமில்லை.

நல்லூரில் சுவாமி ஞானப்பிரகாசரின் பணி பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுதல் நன்று. குடாநாட்டின் பல ஊர்களிலும் அவர் சிற்றாலயங்களை எழுப்பினார். பலரைத் திருமறையில் சேர்த்தார். அவ்வாறு சேர்ந்தோருள் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த சாதியினரும் இருந்தனர். அவர்கள் கிறிஸ்துவை நாடி வந்தனரா, பள்ளிக்கூடத்தையும் மனித மரியாதையையும் நாடி வந்தனரா என்ற வினாவை அன்றும் எழுப்பினர், இன்றும் எழுப்புகின்றனர். வினா நியாயமானதே. ஆயின் அதனை எழுப்புவோர் வாசலை அடைத்தவர்களிடமும் அதே வினாவைக் கேட்க வேண்டும். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைவதற்காக 1968இலும் மக்கள் போராட வேண்டியிருந்த நாடு இது. உள்ளே வரவே விடாத வீட்டை விட்டுப் போனவனை, ஏன் போனாய் என்று கேட்பதில் பொருளில்லை. கத்தோலிக்க ஆலயங்களுக்குள்ளும் சாதிக்கோர் இடம் ஒதுக்கியிருந்த காலம் அது என்பதையும் மறைக்கலாகாது. வாசல் கடந்து வந்தவர்கள் உள்ளேயும் ஒரு கோட்டைக் கண்டனர்.

அவர் எழுதிய சமய வாத நூல்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சைவ சித்தாந்தத்தை ஆழ்ந்து கற்றவர் அவர். அது குறித்து ஆங்கிலத்திலும் எழுதியுள்ளார். ஆயினும் சைவக் கடவுளர் பற்றிய அவருடைய தமிழ் நூல்கள் சிலவற்றில் கண்டனத் தொனி கடுமையாகவே ஒலிக்கிறது. எதிர்ப்பக்கத்துச் சைவக் கண்டனங்களும் அதற்குச் சளைத்தவையல்ல. துண்டுப் பிரசுரங்களால் சமயப் போர் நடந்த காலம் அது. பிறர் வணங்கும் தெய்வத்தைச் சொல்லால் இடித்து ஒருவரை வென்றால் அந்த வெற்றியில் சுயவிருப்பம் எவ்வளவு என்று இன்றைய வாசகர் எண்ணிப் பார்க்கக்கூடும். அவரை மதிப்போர் இப்பகுதியைத் தவிர்த்துவிட்டு எழுதுவது வழக்கம். தவிர்க்க வேண்டியதில்லை, வரலாற்றாசிரியரான அவரே தவிர்த்திருக்க மாட்டார்.

வரலாற்றாசிரியர் என்ற வகையில் அவர் நேர்மைக்குச் சான்று பலவுண்டு. போர்த்துக்கேயர் கால யாழ்ப்பாண மன்னர்களைப் பற்றி 1920இல் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபையின் தொடக்க கால வரலாற்றை 1924இல் எழுதினார். தம் சபைக்குப் பெருமை தரும் மறைசாட்சியரின் மரணமும், தம் முன்னோர் எனக் குடும்பம் கருதிய அரச குலத்தின் கொடுமையும் அவர் கையில் ஒரே நிகழ்ச்சியாக அமைந்தன. 1928இல் வெளிவந்த யாழ்ப்பாண வைபவ விமர்சனம் இன்றளவும் ஆய்வாளர் புரட்டும் நூல். முதலியார் இராசநாயகத்தின் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூல் 1926இல் வெளிவந்திருந்தது. இருவர் முடிவுகளும் பலவிடங்களில் மோதின. அம்மோதலில் ஈழத்தமிழர் வரலாற்றாய்வு வளர்ந்தது.

ஆனால் அவர் தம் முதுமை முழுவதையும் கொடுத்தது சொற்களுக்கு. தமிழ்ச் சொற்களின் வேரைக் கண்டு, அவ்வேர்கள் உலகின் பிற மொழிகளிலும் கிளைத்திருப்பதை நிறுவ வேண்டும் என்பது அவர் வேட்கை. அதற்காக மொழி மொழியாகக் கற்றார். எத்தனை மொழிகள் என்று கேட்டால் சொல்வோருக்கேற்ப எண் கூடிக்கொண்டே போகும். எழுபதைத் தாண்டியும் சொல்வாருண்டு. எண்ணை விட்டுவிடுவோம். பன்மொழிப் புலவர் என்ற பட்டம் அவருக்குப் பொருந்தியது. சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியின் முதற் பகுதி 1938இல் வெளியாயிற்று. மேலும் சில பகுதிகள் தொடர்ந்தன. இந்தோ ஐரோப்பிய மொழிகளோடு தமிழை அவர் இணைத்துக் காட்டிய முறையை இக்கால மொழியியலார் பலர் ஏற்பதில்லை. எனினும் தனியொருவராய், நல்லூரின் ஒரு சிற்றறையில் அமர்ந்து அவர் தொகுத்த சொற்செல்வம் பிற்காலத்தாருக்குக் களஞ்சியமாயிற்று. காலையில் பூசை, பகலில் பங்குப் பணி, இரவில் அகராதி என்று போயிற்று அவர் வாழ்வு. எழுத்தும் செபமும் அவருக்கு வெவ்வேறாய் இருந்திருக்கவில்லை. தமிழை ஆராய்வதற்காகக் கடவுளை ஒத்திவைத்தவரல்லர். கடவுளுக்கெனத் தமிழை ஒதுக்கியவருமல்லர்.

1947 ஜனவரி 22ஆம் திகதி அவர் காலமானார். அகராதி முற்றுப்பெறவில்லை.

அவர் இறந்து பதினெட்டு ஆண்டுகளின் பின், 1965 டிசம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய சுதந்திரம் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. விசுவாசம் என்பது இயல்பிலேயே சுதந்திரமான செயல். எவரையும் அவர் மனச்சான்றுக்கு மாறாக ஏற்கவோ விடவோ வற்புறுத்தலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபை அதில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. போர்த்துக்கேயர் இடித்த கோயில்களை நினைக்கும்போது அது மிகத் தாமதமாய் வந்த ஒப்புதல்தான். இஸ்லாத்தின் வேதமும் மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லையென்ற கொள்கையை நெடுங்காலத்துக்கு முன்பே முன்வைத்தது. கொள்கை இருந்தும் நடைமுறையில் வழுவாத சமூகம் எது?

இலங்கையின் அரசியலமைப்பு, தாம் விரும்பும் மதத்தைக் கொள்வதற்கும் ஏற்பதற்குமான சுதந்திரத்தை அதன் 10ஆம் உறுப்புரையில் ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. இருந்தும் 2004இல் ஜாதிக ஹெல உறுமய கட்சி மதமாற்றத்துக்கு எதிரான சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர் நீதிமன்றம் கூறியது. தமிழகத்திலோ 2002இல் இத்தகைய சட்டமொன்று வந்து, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. கட்டாயத்தையும் ஆசைகாட்டுதலையும் தடுப்பதே இச்சட்டங்களின் நோக்கம் என்பர். நோக்கத்தில் குறைகாண்பதற்கில்லை. ஆனால் ஒரு மனிதன் மனம் மாறியது உண்மையிலா, ஆசையிலா என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை ஓர் அரசாங்க அலுவலரிடம் கொடுத்தால், ஒல்லாந்தரின் பதிவேடு வேறொரு மேசையில் திறக்கப்படும். அதில் பெயரைப் பதிந்துவிட்டு வீட்டுக்குள் வேறொன்றாய் வாழ மக்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தார் அதனை ஒன்றரை நூற்றாண்டு பழகியிருக்கின்றனர். சுவாமி ஞானப்பிரகாசரின் தாய் இன்று மறுமணம் செய்து மகனோடு திருமுழுக்குப் பெற்றிருந்தால், அத்தகைய அலுவலர் அதனை ஆசைகாட்டுதல் என்றே எழுதியிருப்பார். பல ஆண்டுகள் கழித்து அந்த மகன் உத்தியோகத்தை விட்டுவிட்டுக் குருமடத்தின் கதவைத் தட்டியதை அவர் எந்த நிரலில் எழுதுவார்?

சுவாமியின் மொழிப்பணியை அவர் வழிநின்று தொடர்ந்தவர், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குருவான தாவீது அடிகள். அவரும் பன்மொழி கற்றவர். தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடி ஒப்பியல் அகராதிப் பகுதிகளை வெளியிட்டவர். 1981 மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டது. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் எரிந்தன. தொலைவிலிருந்து அத்தீயைப் பார்த்துக்கொண்டிருந்த தாவீது அடிகள் அங்கேயே சாய்ந்து விழுந்து உயிர்நீத்தார்.